எட்டரை பஸ் பாட்டு

தடதடவென்று தெரு முழுக்க ஒரே நொடியில் உயிர் வந்தது.

நூற்றுச் சொச்சம் விசைத்தறிகள் ஒன்றாகக் கிளம்பியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜை மேலிருந்த காலி டம்ளர் ஓரமாக நகர்ந்தது. ஸ்ரீனிவாஸ் காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் ஒரு லாரியே ஏறி வந்தது போலிருந்தது. லேப்டாப் திரையில் பச்சையாக ஆடிக்கொண்டிருந்த கோடு சிவப்புக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவன் ஹெட்போனைப் பிடுங்கிக் கட்டில் மேல் போட்டான்.

எதிரே மைக்குக்கு முன்னால், முதல் அடியைப் பாடப் போகிற வாயோடு உட்கார்ந்திருந்த பங்காரம்மா, வாயை மூடிக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"கரண்டு வந்துருச்சு கண்ணு. நான் போயி மூணாம் நம்பர் தறியப் பாக்கறேன், அது நூலை அறுத்துட்டே கெடக்குது. பாட்டு எங்க போயிருது? இன்னொரு நாளைக்குப் பாடிக்கலாம்."

இன்னொரு நாள் எத்தனை இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தவன் விழுங்கிக்கொண்டான். அன்று சனிக்கிழமை; இருந்தது ஒன்பது நாள். ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவளைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும்.

பங்காரம்மா அவனுக்கு ஒன்பது வயது மூத்த அக்கா. வயது ஐம்பத்தாறு. கட்டிக்கொடுத்ததும் இதே சோமனூரில், மூன்றாவது தெருவில். கணவர் போன பிறகு பிறந்த வீட்டுக்கே வந்து, பின்கட்டில் இருக்கும் எட்டுத் தறிகளையும் அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். போன மாதம் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். தைராய்டில் கட்டி, கெட்ட கட்டி இல்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டியே போகிறது, நிறையப் பேருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு மட்டும் குரல் கம்மிப் போகலாம், மேலே எழும்பாமல் போகலாம், முன்கூட்டியே சொல்லிவிடுவது என் கடமை என்றார்.

பங்காரம்மா யோசிக்கவே இல்லை. பேச வந்தால் போதும், தறிச் சத்தத்தில் அதுவும் யாருக்குக் கேட்கிறது என்று சொல்லி, டாக்டர் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

யோசித்தது ஸ்ரீனிவாஸ்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணயர்ந்த அக்காவையே பார்த்துக்கொண்டு வந்தான். அவள் பாட்டு எங்கேயாவது பதிவாகி இருக்கிறதா? அவனுடைய கல்யாண வீடியோவில் தாம்பாளம் தூக்கிக்கொண்டு நாலு தடவை குறுக்கே போகிறாள், அவ்வளவுதான். போனில் இருக்கிற குரலெல்லாம் 'வரும்போது பால் வாங்கிட்டு வா' ரகம். ஒரு பாட்டு கிடையாது. ஒரே ஒரு பாட்டு கூடக் கிடையாது.

அந்தப் பாட்டுகளில்தான் அவன் வளர்ந்தான். கருமத்தம்பட்டி பள்ளிக்கூடத்தில் படித்த காலம். நாலரை மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி, புழுதியும் பஞ்சும் பறக்கிற இந்தத் தெருவுக்குள் திரும்பினால் இரண்டு பக்கமும் தறிகள் போட்டி போட்டுக்கொண்டு அடிக்கும். அதற்கு மேலே, பட்டத்துக்கு நூல் விட்ட மாதிரி ஒரு குரல் தனியாக ஏறி நிற்கும். அக்கா குரல். எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் இல்லாத பாட்டு. ஒரு அடி வீட்டில் பேசும் தெலுங்கு, அடுத்த அடி தெருவில் பேசும் தமிழ். அன்றைக்கு வைத்த ரசத்தையும், அறுந்த நூலையும், அம்மா திட்டியதையும் வைத்து அவளே கட்டியது. குரல் கேட்டால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பையைத் தோளில் ஆடவிட்டுக்கொண்டு ஓட ஆரம்பிப்பான். தறிக்கு நடுவில் நின்றபடியே அவள் கண்ணால் அடுக்களையைக் காட்டுவாள். அங்கே தட்டு போட்டு மூடிய கிண்ணத்தில் அவனுக்கு ஏதாவது இருக்கும்.

எவ்வளவு சந்தோஷமான வீடு என்று அவன் தன் மகளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறான்.

மகள் நவ்யா பெங்களூரில் படிக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டிலேயே பாட்டுப் போடப் போகிறேன் என்று மைக், அதற்கொரு சின்னப் பெட்டி, ஹெட்போன், ஸ்டாண்டு எல்லாம் வாங்கி, மூன்று வாரம் பாடிப் பார்த்து, பரண் மேல் ஏற்றிவிட்டுப் போயிருந்தாள். அதை ஸ்ரீனிவாஸ் இறக்கினான்.

இறக்கியது சுலபம். முதல் மூன்று நாள் மைக் பேசவே இல்லை. சிங்காநல்லூரில் பம்பு செட் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக டெஸ்டிங் பார்க்கிற ஆள் அவன். ஸ்குரூ டிரைவர் முனையைப் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தால், எந்தக் குண்டு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் மைக்கை ஆட்டிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், வயரைக் கழற்றி ஊதிப் பார்த்தான். கடைசியில் மகளுக்கு வீடியோ கால் போட்டான். பெட்டியில் நாற்பத்தெட்டு என்று எழுதியிருக்கிற பொத்தானை அமுக்கினால்தான் அந்த மைக்குக்கு உயிர் வரும் என்று தெரிந்தது. அமுக்கினான். வந்தது. ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

"அப்பா, மைக்கோட முதுகுல பேசிட்டு இருக்கீங்க. திருப்பி வைங்க. ஐஸ்கிரீம் மாதிரி மேல வாய வெக்காதீங்க, நேரா முன்னாடி உக்காரணும்."

பின்னாலிருந்து அவன் மனைவி வனஜா சிரித்த சிரிப்பு மட்டும் அன்றைக்கு அருமையாகப் பதிவானது.

ஆனால் தெருவை என்ன செய்வது? தன் வீட்டு எட்டுத் தறியை நிறுத்தலாம், அடுத்தவர்களுடையதை நிறுத்தச் சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும். ஆனால் அன்றைக்குப் பார்த்துக் கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டினார்கள். கோயமுத்தூரில் ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று நவ்யா சொன்னதற்கு, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பாட நான் என்ன வேடிக்கைப் பொருளா என்று பங்காரம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

அப்போதுதான் மின்வாரியத்துக் குறுஞ்செய்தி வந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை. ஊரே முகம் சுளிக்கிற செய்தி. ஸ்ரீனிவாஸ் அதை இரண்டு தடவை படித்தான், கம்பெனிக்கு லீவு சொன்னான், லேப்டாப்பை நிறையச் சார்ஜ் ஏற்றினான்.

அறைக்குள் எதிரொலி இருந்தால் பாட்டு கெட்டுப்போகும், கம்பளியோ மெத்தையோ சுவரில் சாத்தச் சொன்னாள் நவ்யா. தறிக்காரன் வீட்டில் துணிக்கா பஞ்சம்? நெய்து மடித்து வைத்திருந்த காடாத் துணிக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து நான்கு சுவரோரமும் ஆளுயரத்துக்கு அடுக்கினான். வனஜா வாசலில் நின்று பார்த்துவிட்டு, இது ஊடா குடோனா என்று கேட்டாள். ஆனாலும் கடைசி ஆறு கட்டுகளை அவள்தான் தூக்கிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.

அந்த மாதிரி அமைதியைப் பகல் வெளிச்சத்தில் கேட்டு வெகு நாள் ஆகிவிட்டது. சிமெண்டு அட்டைக் கூரை மேல் புறா நடப்பது கேட்டது. இரண்டு தெரு தள்ளி யாரோ குக்கர் வைத்திருப்பது கேட்டது. ஸ்ரீனிவாஸ் மின்விசிறி இல்லாத அறையில் வேர்த்து வழிய உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, அக்காவுக்குக் கையைக் காட்டப் போனான். டுகுடுகுடுகு என்று ஜெனரேட்டர் ஒன்று கிளம்பியது.

இரண்டு வீடு தள்ளி மரியஅந்தோணி குடோன். அவசர ஆர்டராம். ஸ்ரீனிவாஸ் செருப்பு கூடப் போடாமல் ஓடினான்.

அவன் சொன்னதைப் பாதி கேட்டதுமே மரியஅந்தோணி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்க சீனு, பம்புக் கம்பெனி போதாதுன்னு இப்பப் பாட்டுக் கம்பெனியும் வெச்சுப்போட்டீங்களா? நாளைக்குப் பொழுதோட இந்தத் துணி போயாகோணுமுங்க."

அக்காவுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன், கழுத்தில், என்று ஸ்ரீனிவாஸ் சொன்னான். அதற்கப்புறம் எப்படி இருக்கும் என்று தெரியாது என்றான். மரியஅந்தோணி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். சின்ன வயதில் பரீட்சைக்குப் படிக்க முடியாமல் அந்தப் பாட்டைச் சபித்திருக்கிறேன் என்றார். பிறகு, தன் அம்மா சாகக் கிடந்தபோது ஜன்னலைத் திறந்து வை, பங்காரு பாடுகிறாளா பார் என்று கேட்டதைச் சொன்னார். சொல்லிக்கொண்டே போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். மூன்று மணிக்கு மேல் தன்னால் முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஆக, நேரம் இருந்தது. அமைதி இருந்தது. மைக் சரியான பக்கம் திரும்பி இருந்தது. பாட்டுதான் வரவில்லை.

முதல் அடியிலேயே கோடு சிவப்புக்குப் போனது. தறிக்கு மேலே கேட்க வேண்டும் என்று நாற்பது வருடம் பழகிய தொண்டை அது. மெல்லப் பாடுங்கக்கா என்றான். மெல்லப் பாடினாள். இரண்டாவது அடியில் நின்றாள். மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை நடுவில் வேகம் கூடி, வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அவன் தொடையில் தாளம் போட்டான், அவளுக்குச் சிரிப்பு வந்தது. லேப்டாப்பிலேயே டிக் டிக் என்று தாளம் போட ஒரு வசதி உண்டு என்று நவ்யா சொல்லியிருந்தாள். அதைப் போட்டான்.

"இதென்ன கண்ணு, ஆஸ்பத்திரி மிஷினாட்ட இருக்குது" என்றாள் பங்காரம்மா. "நிறுத்திப்போடு. திங்கக்கெழமை எப்படியும் கேக்கத்தான் போறேன்."

மணி பன்னிரண்டானது. வனஜா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பங்காரம்மா குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, வராதது வராமலே போகட்டும், பாட்டு மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொள் என்றாள். குரலில் கிண்டல் இல்லை. முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு எழுந்தாள். இவ்வளவு நேரமும் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் இருட்டில் நடக்கிற மாதிரி இருந்தது என்று வாசல்படியருகே நின்று சொன்னாள்.

அந்த வார்த்தையில்தான் ஸ்ரீனிவாஸுக்குள் இருந்த டெஸ்டிங்காரன் விழித்தான். லோடு இல்லாமல் ஓடும் மோட்டார். தண்ணீர் ஏற்றாமல் சும்மா சுற்றவிட்டால் எப்பேர்ப்பட்ட மோட்டாரும் தறிகெட்டு ஓடும். அதன் உண்மையான சத்தம் வேண்டுமென்றால் லோடு கொடுக்க வேண்டும். தினமும் செய்கிற வேலை. அதை வீட்டில் செய்யத் தோன்றாமல், லோடைக் கழற்றிவிட்டு மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறான்.

சனிக்கிழமை கெட்டுப்போன பதிவை அவன் அழிக்காமல் வைத்திருந்தான். தறிகள் ஒன்றாகக் கிளம்பிய அந்தச் சத்தம். அதைத் தேடி எடுத்தான். தன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி அக்கா தலையில் மாட்டினான். கொண்டை இடித்தது, சற்றே இறக்கி மாட்டினான். ஓடவிட்டான்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. அவள் காதுக்குள் மட்டும் தெரு முழுக்க ஓடியது.

பங்காரம்மாவின் தோள் இறங்கியது. இடது கால் தானாக ஒரு எட்டு முன்னால் போனது. உட்காரவில்லை. அவள் என்றைக்கு உட்கார்ந்து பாடினாள்? ஸ்ரீனிவாஸ் அவசரமாக ஸ்டாண்டை உயர்த்தி மைக்கை அவள் முகத்துக்கு நேராக வைத்து, இரண்டடி தள்ளி நிறுத்தினான். சத்தம் சிவப்புக்குப் போகாமல் பெட்டியின் திருகை இறக்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் காற்றில் எதையோ தேடின. அறுந்த நூலாக இருக்கும். பாடினாள்.

"எட்டரை பஸ்ஸு போயாச்சு,
என்ற தம்பி ஏறியாச்சு,
நாலரைக்கு வந்தான்னா
நாலு சேதி சொல்லுவான்..."

தறி இல்லாமல் அந்தக் குரலை ஸ்ரீனிவாஸ் முழுதாகக் கேட்பது அதுதான் முதல் தடவை. இத்தனை நாள் அவன் கேட்டதெல்லாம் சத்தத்துக்கு மேலே தப்பித்து வந்த நுனி மட்டும். அடியில் இவ்வளவு இருந்ததா? ஒரு அடியை முடிக்கும் இடத்தில் குரல் வளைந்து, சின்னதாக நடுங்கி, பிறகு நிதானமாக வந்து அமர்ந்தது. 'நாலு சேதி' என்ற இடத்தை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி பாடினாள். யார் சொல்லிக் கொடுத்தது? வாசலில் வனஜா எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. கதவில் சாய்ந்து, அசையாமல் நின்றாள்.

ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது. அவன் கை காட்டவே தேவைப்படவில்லை. ரசப் பாட்டு, அம்மாவின் திட்டுப் பாட்டு, தறியில் பாவு நூல் தீர்ந்துபோனால் வருகிற அரை நாள் விடுமுறைக்கு ஒரு பாட்டு, அவன் மறந்தே போயிருந்த ஒரு தெலுங்குப் பாட்டு. ஒன்பது பாட்டுகள். நடுவில் எங்கேயோ ஸ்ரீனிவாஸ் பத்து வயதுப் பையனாகி, தெருமுனையில் பையோடு நின்றுகொண்டிருந்தான். கண்ணைத் துடைக்கக் கூடப் பயமாக இருந்தது, சட்டைக் கை உரசுகிற சத்தம் பதிவாகிவிட்டால்?

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவள் நிறுத்தினாள். தொண்டை வறண்டுவிட்டது என்று சைகை காட்டினாள். லேப்டாப்பில் பேட்டரி ஒன்பது சதவீதம் காட்டியது. சொன்ன சொல் தவறாமல் மரியஅந்தோணி குடோனில் ஜெனரேட்டர் கிளம்பியது.

கிடைத்துவிட்டது. இனி திங்கட்கிழமை எப்படி விடிந்தாலும் அந்தக் குரல் எங்கேயும் போகாது. ஸ்ரீனிவாஸ் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சேமித்தான். நவ்யாவுக்கு என்ன சொல்வது, அவள் என்ன சொல்லுவாள் என்று மனசு அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

அக்காவைக் கட்டிலில் உட்கார வைத்தான். நீங்க பாடினதை நீங்களே கேளுங்க என்றான். பாடிய எனக்குத் தெரியாதா என்று அவள் அலுத்துக்கொண்டாள். ஆனால் தடுக்கவில்லை. அவன் தறிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, முதல் பாட்டை எடுத்து, அவள் குரலை மட்டும் ஓடவிட்டான்.

பங்காரம்மா முதலில் வேறு யாரோ பாடுகிற மாதிரி அவனைப் பார்த்தாள். உள்ளங்கைகளால் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு அவனைப் பார்க்கவில்லை. அடுக்கி வைத்த துணிக் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டு முடிந்தது, அவள் கழற்றவில்லை. இரண்டாவது ஓடியது. ஸ்ரீனிவாஸ் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அந்த முகத்தில் சிரிப்பு வருவதற்காகக் காத்திருந்தான். அடுக்களைக் கிண்ணத்தைக் கண்ணால் காட்டுகிற அந்தப் பழைய சிரிப்பு. நல்லாயிருக்குதுங்களா அக்கா என்று கேட்கத் தயாராக இருந்தான்.

பேட்டரி தீர்ந்து திரை அணைந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் வயரை விரலில் மெதுவாகச் சுற்றினாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. பக்கத்து ஊரில் யார் வீட்டுப் பெண்ணுக்கோ நடந்ததை விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"இப்படிப் பாடற புள்ளையவா கண்ணு பதினாலு வயசுல தறியில நிறுத்துனாங்க?"